வாசலில் நின்ற பாலம்

நாவல்தாங்கல் மேம்பாலம் வளர்கிறது என்பதை முதலில் பார்த்தது யார் என்பதில் எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை உண்டு. புதினா பறிக்க மேலே போனபோது தான்தான் பார்த்ததாகப் பங்க்சர் கடை அன்வர் பாய் சொல்வார். பாலத்தின் மேல் வடகம் காயப்போடும் பெண்களோ, முந்தின நாள் ஒரு புடவை விரித்ததும் முடிந்துபோன இடத்தில் மறுநாள் இன்னொரு புடவைக்கும் இடம் இருந்தது, அதைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்பார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் மத்தியானம் வண்டி நிறுத்துகிற நிழல் வரவர நீண்டுகொண்டே போனதைச் சொல்வார்கள். யார் பார்த்திருந்தாலும் சரி, வளர்ந்தது உண்மை. முருங்கை வளர்கிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள், கோர்ட்டில் கேஸ் வளர்கிறது, அதுபோலப் பாலமும் வளர்ந்தது. அதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை. புதிதாக ஒரு இடம் கிடைத்தால் அதில் யார் உட்காருவது என்பதுதான் நாவல்தாங்கலில் எப்போதும் பெரிய கேள்வி.

அந்தப் பாலம் பாதியில் நின்றுபோனதற்குக் காரணம் தணிகாசலம் சார். தபால் ஆபீசில் வேலை பார்த்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவர் எழுப்பிய மாடி வீடு, பாலம் போக வேண்டிய வழியில் நேர் எதிரே நின்றது. பாலம் வேண்டுமென்றால் வீடு போக வேண்டும், வீடு வேண்டுமென்றால் பாலம் நிற்க வேண்டும். சார் கோர்ட்டுக்குப் போய் ஸ்டே வாங்கினார், பாலம் நின்றது. கான்ட்ராக்டர் கலவை மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பாலம் மட்டும் துருப்பிடித்த கம்பிகளை அந்தரத்தில் நீட்டிக்கொண்டு, சொல்ல வந்ததை மறந்துபோனவன் மாதிரி நின்றது. கீழே தூசியும் ஹாரன் சத்தமும் எங்களுக்குச் சொந்தமாயின. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர், வெயில் அடித்தால் கண்ணைத் திறக்க முடியாத புழுதி, எல்லாவற்றுக்கும் சாரைத்தான் திட்டினோம். அவர் வீட்டுக்கு 'ஸ்டே வீடு' என்று பெயர் வைத்தோம், கூரியர்காரருக்குக்கூட அப்படிச் சொல்லித்தான் வழி காட்டினோம்.

ஸ்டே வாங்குவதற்கு முன்னால் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாரின் மனைவி வேதவல்லி அம்மா, வந்தவர்களை வாசலில் நிற்கவைக்கத் தெரியாதவர். மாடி பால்கனியில் நின்றபடி உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, நாலு விரலையும் மடக்கி மடக்கி, "வாங்க, வாங்க" என்பார். சிலிண்டர் கொண்டுவருகிறவர், ஓட்டுக் கேட்டு வருகிறவர், வேறு யாரோ வீட்டைத் தேடி வழி தவறி வந்தவர், எல்லாருக்கும் அதே வாங்கதான். அப்படி ஒருநாள் பாலத்துக்காக நிலம் அளக்க மூன்று பேர் வந்தார்கள். அம்மா வாங்க என்றார், ஃபேனைப் போட்டார், காப்பி கொடுத்தார். குடித்துவிட்டுப் போனவர்கள், வீட்டார் தங்களை வரவேற்று உபசரித்தார்கள், இடத்தைக் கொடுப்பதில் அவர்களுக்கு மறுப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டம்ளர் காப்பி சம்மதமாகிப்போனது. அந்தக் காப்பி வெறும் காப்பிதான் என்று நிரூபிக்க வக்கீலுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

"இனிமே இந்த வீட்டுல உன் வாயிலேருந்து வாங்கங்கிற வார்த்தை வரக் கூடாது, வேதா. கையும் ஆடக் கூடாது" என்று அன்றைக்கு சார் கத்தியது தெருவுக்கே கேட்டது.

அதற்குப் பிறகு வரவில்லை, ஆடவில்லை. நாங்களும் போகவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். கல்யாணத்தில் சாம்பார் உப்புக்கரித்தால் மறுநாளே மறந்துவிடுவோம், மண்டப வாசலில் நின்றவர் வாங்க என்று சொல்லவில்லையென்றால் அந்தக் குடும்பத்தோடு பேச்சு வார்த்தையே இருக்காது. ஸ்டே வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனவர்கள் கேட்டில் செருகிவிட்டு வந்தார்கள். சாரை யாரும் எங்கள் வீட்டுக்குக் கூப்பிடவும் இல்லை. கோயிலில் பார்த்தால் கும்பிட்டுக்கொள்வோம், அவ்வளவுதான்.

சில வருஷம் கழித்து வேதவல்லி அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று, அந்தக் குறுகலான வளைவுப் படிக்கட்டில் நாலு ஆண்கள் அவரைப் போர்வையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பாதிப் படியில் புடவை விலகியது, அதை இழுத்துவிட்டுக்கொள்ள அவரால் முடியவில்லை, கண்ணை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு கீழே போகலாமா என்று யார் கேட்டாலும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி வேண்டாம் என்றார். வீல் சேர் வந்தது. அது அறையிலிருந்து பால்கனிக்கும் பால்கனியிலிருந்து அறைக்கும் ஓடியது. சார் பொல்லாதவர் இல்லை. காலையில் அவருக்குத் தலை பின்னிவிடுவார், ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டுவார், வாய் ஓரம் வழிந்ததைத் தன் துண்டாலேயே துடைப்பார். ஆனால் அவர் அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய வீட்டுக்குள்ளேயே அவர் மனைவி மாட்டிக்கொண்டுவிட்டார், வெளியே கொண்டுபோக வழி தெரியவில்லை. அம்மா பகல் முழுக்க பால்கனியில் உட்கார்ந்து எதிரே கம்பி நீட்டிக்கொண்டிருந்த பாலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பாலம் அதற்குள் எங்களுடையதாகியிருந்தது. முதலில் குப்பை கொட்டினோம், பிறகு அங்கே குடித்தவர்களை விரட்டினோம். ஓடித் தேய்ந்த டயர்களை அடுக்கக் கடையில் இடமில்லாமல் மேலே கொண்டுபோன அன்வர் பாய், ஒரு டயருக்குள் மண்ணைக் கொட்டிப் புதினா வைத்தார். பிரியாணிக்கு ஆகும் என்பதைத் தவிர அவருக்கு வேறு உத்தேசம் எதுவும் இல்லை. வேதவல்லி அம்மாவைக் குளிப்பாட்டி, கைகாலை நீவிவிட தினமும் வந்துபோகிற ஸ்டெல்லா, யார் வீட்டிலோ ஒடித்த நந்தியாவட்டைக் கிளையை இன்னொரு டயரில் நட்டாள். அதைப் பார்த்துச் செம்பருத்தி வந்தது, கனகாம்பரம் வந்தது, வாழை வந்தது, யாரும் வைக்காமல் ஒரு வேம்பு வந்தது. சிமெண்ட் சாக்கில் மண்ணைக் கட்டித் தலையில் வைத்து, குளித்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் குடத்தில் இடுக்கிக்கொண்டு, பாலத்தின் சரிவில் நாங்கள் ஏறிக்கொண்டே இருந்தோம்.

அப்படி ஒரு மழைக்காலத்தில்தான் கம்பிகளில் துரு உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் கம்பி இளம்பச்சையாக இருந்தது. பச்சைக் கம்பி மழைக்கு மழை கொஞ்சம் நீண்டது, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் கான்கிரீட் தானாகக் கட்டிக்கொண்டது, கான்கிரீட்டின் மேல் மண் படிந்தது, மண்ணில் அருகம்புல் வந்தது. புதிதாக வளர்ந்த துண்டு யாருக்கு என்று பெரிய பஞ்சாயத்து நடந்தது. ஒரு மழைக்காலம் முடிகிறவரை அது யாருக்கும் இல்லை, அதில் செருப்போடு நடக்கக் கூடாது என்று முடிவாயிற்று. பச்சைக் குழந்தையின் உச்சந்தலையைத் தொடுகிற மாதிரிதான் அதில் காலை வைத்தோம். காலையில் சுகர்க்காரர்கள் நடந்தார்கள், பத்து மணிக்கு வடகம் காய்ந்தது, சாயங்காலம் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் உலாத்திக்கொண்டே மனப்பாடம் செய்தார்கள். வேம்படியில் ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாரும் ஒத்துக்கொண்ட சட்டம். அதிகாரிகள் வந்து டேப் பிடித்து அளந்தார்கள், அடுத்த முறை வந்து அளந்தபோது கூடுதலாக இருந்தது, முதலில் அளந்தவரைக் கோபித்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை அளக்கவில்லை. 'பூங்கா, பூப்பறிக்காதீர்' என்று ஒரு பச்சைப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள்.

பாலம் வளர்ந்தது சாரின் வீட்டைப் பார்த்து.

சார் வக்கீலிடம் ஓடினார். ஸ்டே இருக்கும்போது பாலம் வளர்வது கோர்ட்டை அவமதிப்பது என்று மனு போட்டார். கட்டுவது யார் என்று நீதிபதி கேட்டார். கட்டவில்லை, வளர்கிறது என்று எதிர்த்தரப்பு சொன்னது. ஆளுக்குத்தான் தடை போட முடியும், தானாக வளர்வதற்குத் தடை போட முடியாது என்று மனு தள்ளுபடியாயிற்று. பக்கத்து வீட்டு மாமரக் கிளை நம் வீட்டுக்குள் வந்தால் வெட்டிக்கொள்கிறோமே, அதுபோல உள்ளே வந்தால் உடைத்துக்கொள்ளுங்கள் என்று வக்கீல் ஆறுதல் சொன்னார். சார் நேராக இரும்புக் கடைக்குப் போய், பெரிய சம்மட்டி ஒன்று வாங்கிவந்து, பால்கனிக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்தார்.

"இது இன்னாத்துக்கு சார்?" என்றாள் ஸ்டெல்லா, வேதவல்லி அம்மாவின் காலை நீவியபடி.

"அது சுவத்தைத் தொடட்டும், தெரியும்."

"பாலம் கிட்ட வர வர அம்மா ரெண்டு இட்லி கூட சாப்புடுறாங்க, பாத்தீங்களா? அது இங்க வந்து சேந்துச்சுன்னா படியே வேணாம் சார். வீல் சேரைத் தள்ளினு நேரா தோட்டத்துக்குப் போயிடலாம். நாலு பேரு தூக்க வேணாம், மானம் போவ வேணாம்."

"அதை வர விட்டா, இத்தனை வருஷம் நான் கோர்ட்டுக்கு நடந்ததுக்கு என்ன அர்த்தம்?"

"அது எனக்கு எப்டி தெரியும் சார்? நான் காலு புடிக்க வந்தவ" என்று சொல்லிவிட்டு ஸ்டெல்லா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த மழையில் பாலம் வீட்டின் முன்னால் வந்தது. வந்து, பால்கனிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. சார் சம்மட்டியை எடுத்துக்கொண்டு வந்து காத்திருந்தார். பாலம் மேற்கொண்டு வரவில்லை. மழை போய் மழை வந்தது, பாலம் வரவில்லை. தொடாத பாலத்தை உடைக்க சாருக்குச் சட்டத்தில் இடமில்லை, சம்மட்டியைத் திரும்பவும் கதவுக்குப் பின்னால் வைத்தார்.

நாங்கள் என்னென்னவோ செய்துபார்த்தோம். சாணி போட்டோம், மண்புழு உரம் போட்டோம். அன்வர் பாய் ஆட்டுப் புழுக்கை ஒரு மூட்டை கொண்டுவந்து கொட்டினார். பூசாரி வந்து கற்பூரம் காட்டினார், ஸ்டெல்லாவின் சபையிலிருந்து வந்து ஜெபம் செய்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. கொஞ்ச நாளில் பாலத்தின் நுனியில் புல் பழுக்கத் தொடங்கியது. நுனியிலிருந்து பழுப்பு உள்ளே வந்தது, கனகாம்பரம் கருகியது, நந்தியாவட்டை மொட்டு மொட்டாக உதிர்ந்தது. பால்கனியில் வேதவல்லி அம்மா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஊட்டுகிற சாதத்தை ஒரு பக்கக் கன்னத்தில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருக்க ஆரம்பித்தார். சாருக்குப் பயம் வந்துவிட்டது. அவர் பாலத்துக்குப் பயப்படுகிறவர் இல்லை, அந்தக் கன்னத்தைப் பார்த்துத்தான் பயந்தார்.

காரணத்தைச் சொன்னது ஸ்டெல்லா. எங்கள் யாருக்கும் அது தோன்றாமல் போனதுதான் வெட்கம், ஏனென்றால் அது எங்களுக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

"வாசல் வரைக்கும் வந்து நிக்கிது சார். வாங்கன்னு யாரும் சொல்லல. அப்புறம் எப்டி உள்ள வரும்? நானா இருந்தாலும் வர மாட்டேன்."

"பாலத்துக்கு என்னம்மா மரியாதை?"

"நமக்கு இன்னா மரியாதையோ அதான்."

சார் சிரித்தார். ஆனால் மறுநாள் காலையில், தெருவில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பால்கனிக்கு வந்து தொண்டையைச் செருமி, "ம், வரதுன்னா வரட்டும்" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார். பாலம் அசையவில்லை. அதற்கடுத்த நாள், "சரி, வா" என்றார். நடந்துகொண்டிருந்த சுகர்க்காரர்கள் நின்றுவிட்டார்கள்.

"இன்னா சார், எத்தினி பேரைத் தூக்கினு நிக்கிது, அதைப் போயி வா போன்றீங்க?" என்று அன்வர் பாய் புதினா டயருக்குப் பக்கத்திலிருந்து கேட்டார். "கோவிச்சுக்காதீங்க. நல்லவிதமா சொல்லுங்க."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. கதவை அறைந்து சாத்திக்கொண்டு உள்ளே போனார். அந்த ஒரு வார்த்தையால்தான் வீடு போக இருந்தது, அந்த வார்த்தைக்கு எதிராகத்தான் அவர் பாதி ஆயுசைச் செலவழித்திருந்தார். அதை இப்போது பாலத்தைப் பார்த்தே சொல்வது என்றால் நாக்கு எப்படிப் புரளும்? அவர் கஷ்டம் எங்களுக்குப் புரிந்தது. புரிந்தாலும் புல் பழுத்துக்கொண்டேதான் இருந்தது.

அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பாலத்தில் கூட்டம். நாங்கள் பத்துப் பதினைந்து பேர் நுனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம், அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தோம். வேதவல்லி அம்மா தனியாக பால்கனியில் இருந்தார். காய்ந்துபோன நுனியை ரொம்ப நேரம் பார்த்தவர், மடியில் கிடந்த இடது கையை மெல்லத் தூக்கினார். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்தார். நாலு விரலையும் மடக்கினார், நீட்டினார், மறுபடியும் மடக்கினார். அந்தக் கையைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரம் சார் ஹார்லிக்ஸ் டம்ளரோடு கதவைத் திறந்துகொண்டு வந்தார். அம்மா அவரைப் பார்த்தார். பார்த்ததும் கையைச் சட்டென்று இறக்கி, புடவைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டார்.

சார் அப்படியே நின்றார். பேச்சை நோய் கொண்டுபோனது, காலை நோய் கொண்டுபோனது. ஆனால் அந்தக் கையைக் கொண்டுபோனது நோய் இல்லை. அது நன்றாகத்தான் இருந்தது. என்றைக்கோ கோபத்தில் தான் கத்திய ஒரு பேச்சுக்கு அது இன்னும் கட்டுப்பட்டு, திருடிய பொருள் மாதிரி தலைப்புக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதை அவர் அன்றைக்குத்தான் பார்த்தார். டம்ளரைத் தரையில் வைத்தார். வைக்கும்போதே அழுதுவிட்டார். அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வீடு போகும் என்று இருந்தபோதுகூட அழுததில்லை.

தலைப்பை விலக்கி மனைவியின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார். பிறகு பாலத்தைப் பார்த்துத் திரும்பினார். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டார், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வாங்க" என்றார்.

எங்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவரே இன்னொரு தரம், இரண்டு கையையும் கூப்பி, "வாங்க, உள்ள வாங்க" என்றார்.

பாலம் வந்தது. ஒரு கை தூரம்தானே, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மழை பெய்யவில்லை, இடி இடிக்கவில்லை. பச்சைக் கம்பிகள் நீண்டு கைப்பிடிச் சுவரைத் தொட்டன, கம்பிகளுக்கு நடுவில் கான்கிரீட் கட்டிக்கொண்டது, அதன் மேல் புல் வந்து நின்றது. சுவர் தடுக்கிறது என்பதை நாங்கள் சொல்வதற்குள் சார் கதவுக்குப் பின்னால் போய் சம்மட்டியை எடுத்துவந்தார். பாலத்தை உடைக்க வாங்கிய சம்மட்டியால், தான் ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்துக் கட்டிய சுவரை, மூச்சு வாங்க வாங்க உடைத்தார். அன்வர் பாய் இந்தப் பக்கத்திலிருந்து செங்கற்களை எடுத்து ஓரமாக அடுக்கினார். ஸ்டெல்லா எங்கிருந்தோ ஓடிவந்து, "ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று எங்களையெல்லாம் விரட்டிவிட்டு, அம்மாவின் புடவையைக் கால்வரை இழுத்துவிட்டு, வீல் சேரின் பிரேக்கை எடுத்தாள்.

சக்கரம் புல்லில் இறங்கியது. வேதவல்லி அம்மா வெளியே வந்தார். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. செடி, டயர், காய்கிற வடகம், தூரத்தில் வேம்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பழுத்துப்போன புல்லைத் தாண்டி, பச்சைப் புல் தொடங்குகிற இடத்தில், நிறுத்து என்பதுபோல ஸ்டெல்லாவின் கையைத் தொட்டார். திருப்பச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். ஸ்டெல்லா வீல் சேரை வீட்டைப் பார்த்துத் திருப்பினாள்.

சார் உடைந்த சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார். தலையெல்லாம் செங்கல் தூள், கையில் சம்மட்டி. வீட்டுக்கும் பாலத்துக்கும் நடுவில் இப்போது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவர் காலை எடுத்துவைக்கவில்லை. அது எங்கள் இடம், அங்கே அவரை யாரும் கூப்பிடவில்லை. எத்தனையோ வருஷமாக அவரை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை. கூப்பிட வேண்டும் என்று அப்போதும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம்.

வேதவல்லி அம்மா இடது கையைத் தூக்கினார். உள்ளங்கையைக் கவிழ்த்து, நாலு விரலையும் மடக்கி மடக்கி, வாங்க, வாங்க என்று அவரைக் கூப்பிட்டார்.

சார் சம்மட்டியைக் கீழே வைத்தார். புதுப் புல் என்பதால் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். நாங்கள் தள்ளி நின்று வழி விட்டோம்.